மூன்றாம் மாடியில் சிவப்புக் காகிதம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தால் கண் தானாக உள்ளே போய்விடும். மில்பிடாஸில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் மாட்டிக்கொண்டது இந்தப் பழக்கத்தால்தான். வியாழக்கிழமை காலை குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் கராஜ் திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் ஒரு சின்னச் சிவப்பு மாடம், அதில் மினுக் மினுக்கென்று இரண்டு மின்சார மெழுகுவர்த்தி, முன்னால் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்கள். கராஜில் சாமி வைப்பார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

"உள்ள வந்தே பாரேன், கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவர் பேசியது இங்கிலீஷ். சிங்கப்பூர் இங்கிலீஷ், வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு அந்தப் பேச்சு எனக்குள் தமிழாகவே பதிந்துவிட்டது. எழுதும்போதும் அப்படித்தான் வருகிறது.

ஆன்ட்டிக்கு இப்போது எழுபத்துநான்கு வயது. பிறந்தது சிங்கப்பூர் சைனாடவுனில். கணவரோடு கலிபோர்னியா வந்து, டிஸ்க் டிரைவ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் டெக்சஸில், ஆலனில் இருக்கிறான். நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு மட்டும் தலைகாட்டுவான். டாக்டர் அப்பாயிண்ட்மென்ட் என்றால் நான்தான் கூட்டிப்போவேன். பதிலுக்குத் தோட்டத்துப் பெர்சிமன் பழம் பை பையாக வரும். என் ரசத்தைக் குளிர்காலத்தில் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

முதல் முறை எங்கள் வீட்டுக்குள் வந்தபோது ஹாலில் மாட்டியிருந்த என் அப்பாவின் படத்தைப் பார்த்தார். சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் மல்லிகை மாலை போட்ட படம்.

"உங்கப்பாவா? எப்ப அமெரிக்கா வரார்?" என்று கேட்டார்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது என்றேன். ஆன்ட்டி படத்தை இன்னொரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். காபி குடித்து முடித்ததும் மறுபடியும் படத்தின் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். குங்குமம் வைத்து மாலை போட்ட படத்தைப் பார்த்து எப்போது வருகிறார் என்று யாராவது கேட்பார்களா? வயசாகிறது, பாவம் என்று விட்டுவிட்டேன்.

அப்பா இறந்தபோது நான் போகவில்லை. போனால் விசா ஸ்டாம்பிங்குக்கு அப்பாயிண்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், வேலை போகும் என்று சொன்னார்கள். எல்லாவற்றையும் போனில் பார்த்தேன். அண்ணன் கொள்ளி வைக்கும்போது நெட்வொர்க் போய்விட்டது. இதை ஒருநாள் ஆன்ட்டியிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் தன் கதையைச் சொன்னார்.

அவருக்கும் அதேதான் நடந்திருக்கிறது. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அவர் அம்மா இறந்தபோது கிரீன் கார்டு பாதியில் நின்றிருந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் இருந்தது எட்டு வயது மூத்த அக்கா ஒருத்திதான். கல்யாணமே செய்துகொள்ளாமல், தையல் வேலை பார்த்து, இவரைப் படிக்கவைத்த அக்கா. வரமுடியாது என்று ஆன்ட்டி போனில் சொன்னதும், "அம்மாவுக்கு ஒரே பொண்ணுன்னு நெனச்சுக்கறேன்" என்று அக்கா போனை வைத்துவிட்டாராம். அதன் பிறகு எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அக்கா வீடு மாறிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை.

"யாரையாவது விட்டு விசாரிச்சிருக்கலாமே ஆன்ட்டி?"

"விசாரிச்சா பதில் வந்துடும்" என்றார்.

அக்காவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது ஆகியிருக்க வேண்டும்.

போன மார்ச் மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நானும் கணவரும் சென்னை கிளம்பினோம். சிங்கப்பூர் வழியாக டிக்கெட், நடுவில் பதினோரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இதை ஆன்ட்டியிடம் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். அன்று மாலையே கதவைத் தட்டினார். கையில் மருந்துக்கடைக் காலண்டர் தாள் ஒன்று. அதன் பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் பெரிது பெரிதாக மூன்று சீன எழுத்துகள்.

"இது அக்கா பேரு. சைனாடவுன்ல எங்க குடும்பப் பேரு இருக்கறவங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மூணாவது மாடில செத்தவங்க பேரெழுதின பலகையெல்லாம் வரிசையா இருக்கும். எங்கம்மா அப்பா பேரு ஒரே பலகைல இருக்கும். அக்கா பலகை பக்கத்துல இருக்கான்னு பாரு. பாத்தாலே தெரிஞ்சுடும். பாத்துட்டு என்கிட்ட சொல்லு."

"நிச்சயமா தெரிஞ்சுக்கணுமா ஆன்ட்டி?"

"இந்த முட்டியை வெச்சுகிட்டு இனிமே நான் எங்க போகப்போறேன்? நீயே பாத்துடு. நீ சொன்னா தாங்கிக்குவேன்."

தாளை மடித்து என் பாஸ்போர்ட்டுக்குள் அவரே வைத்தார். தெருவில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களே குறைவு. அவர் இப்படி ஒன்றைக் கேட்டு வந்தது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சிங்கப்பூரில் விடிகாலை இறங்கினோம். கணவர் விமானத்திலேயே நாளைத் திட்டமிட்டு வைத்திருந்தார்: லிட்டில் இந்தியா, நெய் தோசை, மைசூர் போண்டா, அங்கே ஒரு பெரிய கடையில் கல்யாணத்துக்கு வாசனை திரவியம். ரயிலில் நான் சைனாடவுன் நிறுத்தத்தில் இறங்கினேன். அவரும் இறங்க வேண்டியதாயிற்று.

"பதினேழு மணி நேரம் ப்ளைட்ல வந்து தோசை சாப்பிடாம சீனாக்காரன் தெருவுல சுத்தறது நாம ரெண்டு பேராத்தான் இருக்கும்" என்றார்.

"பத்து மணிக்குள்ள முடிச்சிடலாங்க."

"உன் பத்து மணியை நான் பாத்ததில்லையா?"

ரயில் நிலையத்தில் 'சைனாடவுன்' என்று தமிழிலும் எழுதியிருந்ததைப் பார்த்து நின்று போட்டோ எடுத்தேன். அங்கேயே ஐந்து நிமிடம் போயிற்று.

வெளியே வந்தால் இரண்டு பக்கமும் கீழே கடையும் மேலே வீடுமாகப் பழைய கட்டடங்கள். நீலம், மஞ்சள், ரோஸ் என்று புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். முன்னால் ஓர் ஆள் தாராளமாக நடக்கிற மாதிரி கூரை போட்ட நடைபாதை. வெயிலோ மழையோ படாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போகலாம். ஆன்ட்டி சொன்ன நடைபாதை இதுதான். இதில்தான் அக்கா தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாராம். ஆன்ட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்து மெஷினுக்கு அடியில் தூங்குவாராம். இப்போது அங்கே ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மைகளும் பட்டு விசிறிகளும் தொங்கின. இதில் எந்தத் தூணருகே மெஷின் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டு போனேன். தூணுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு நின்றது.

ஒரு நாட்டு மருந்துக்கடையில் கண்ணாடிச் சாடிகளில் காய்ந்த கடல்குதிரை, வேர், பட்டை, பெயர் தெரியாத ஏதோ கறுப்புச் சுருள். ஒவ்வொன்றையும் என்ன என்ன என்று கேட்டேன். கடைக்காரப் பெண் பொறுமையாக "சூப்", "இருமல்", "இதுவும் சூப்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கடுத்த கடை என்னை முழுதாக விழுங்கியது. எல்லாம் காகிதத்தில் செய்த சாமான்கள்: காகிதச் சட்டை, காகிதக் கார், வேலைக்காரர்களோடு மூன்று மாடிக் காகித வீடு, காகிதப் பல்செட். செத்தவர்களுக்காக இவற்றை எரித்தால் அங்கே அவர்களுக்குப் போய்ச் சேருமாம்.

கணவர் அதுவரை வாசலிலேயே நின்றிருந்தவர் உள்ளே வந்து ஒரு பெட்டியை எடுத்தார். காகித செல்போன்.

"ஏய், இங்க பாரு. சார்ஜரும் சேத்தே குடுக்கறான். நமக்கே இப்பல்லாம் சார்ஜர் தனியாத்தான் வாங்கணும்."

அதன் பிறகு அவர் தோசையைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவுக்கு ஒரு காகித மூக்குக்கண்ணாடி வாங்கலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. கடைசி நாட்களில் அதைத்தான் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருந்தாராம். வாங்கி எங்கே எரிப்பது, கல்யாண வீட்டிலா? வைத்துவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளி, சீன எழுத்துப் பலகைகளுக்கு நடுவே சட்டென்று ஒரு கோபுரம். மாரியம்மன் கோயில். மதில்மேல் வரிசையாகச் சுதை மாடுகள் படுத்திருந்தன. அதன் நிழலில் ஒரு தமிழ்ப் பெண்மணி பூ கட்டிக்கொண்டிருந்தார். நான் காலண்டர் தாளைக் காட்டி, ஆன்ட்டி சொன்ன தெருப்பெயரையும் சொல்லி, முன்னோர் பலகைகள் வைத்திருக்கும் சங்கம் எங்கே என்று கேட்டேன்.

"நேரா மேட்டுல ஏறுங்கக்கா. கல் சிங்கம் ரெண்டு இருக்கும், அதான் சங்கம். பூ வாங்கிக்கிட்டுப் போங்க, பெரியவங்களைப் பாக்கப் போறீங்க, வெறுங்கையோட போவாதீங்க."

ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். அம்மனுக்கு வெளியிலிருந்தே கும்பிடு போட்டு, ஆன்ட்டியின் அக்கா பலகை அங்கே இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கல் சிங்கங்கள் இருந்தன. வாசலில் ஒரு பெரியவர் பனியனும் அரைக்கால் சட்டையுமாக டேபிள் ஃபேனுக்கு முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சங்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை தெரிந்திருக்கும், எனக்குச் சீனம் ஒரு வார்த்தையும் தெரியாது. தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு தடித்த நோட்டைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டி, "இருக்கு, இருக்கு. மேல" என்றார்.

அம்மனிடம் வேண்டிக்கொண்டது வீண்தான் என்று நினைத்தேன். அவர் முன்னால் ஏற, நாங்கள் பின்னால் ஏறினோம். செங்குத்தான மரப்படி. இரண்டாவது மாடியில் கணவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மூன்றாம் மாடியில் சாம்பிராணி மாதிரி ஒரு புகை வாசம். சுவர் முழுக்கப் படிக்கட்டு போல அடுக்கி, ஒரு சாண் உயர மரப்பலகைகள், நூற்றுக்கணக்கில். நம் குலதெய்வக் கோயில் பங்காளிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே ஹாலில் வந்து உட்கார்ந்த மாதிரி. பெரியவர் நேராக நான்காவது வரிசைக்குப் போனார். தங்க எழுத்தில் இரண்டு பெயர் கொண்ட ஒரு பலகை. அம்மா, அப்பா என்று தொட்டுக் காட்டினார். அதற்கு இடப்பக்கம் இருந்த பலகையைக் காட்டி, தாளையும் காட்டி, தலையை ஆட்டினார். நான் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு கோடாக ஒப்பிட்டேன். மூன்று எழுத்தும் அச்சாக அதே எழுத்துகள். பலகையின் நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பளிச்சென்று புதிது.

எனக்கு வேறெதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. குங்குமம் வைத்திருக்கிறார்கள். அக்கா போய்விட்டார். புதிதாக இருப்பதால் போய் ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் கூடப் பார்த்திருக்கலாமோ என்னவோ. முன்பின் பார்த்திராத ஒரு அக்காவுக்காக அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். வெட்கமே இல்லை.

பெரியவரோ சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தி, "குட், குட்" என்றார். என்ன மனுஷன் இவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த மல்லிகையை எடுத்து அந்தப் பலகைமேல் சாத்தினேன். பக்கத்திலிருந்த ஊதுபத்தி மூன்றை எடுத்துக் கொளுத்தப் போனேன்.

"நோ, நோ, நோ!" என்று பெரியவர் பாய்ந்து வந்தார். ஊதுபத்தியைப் பிடுங்கினார். பூவைப் பலகையிலிருந்து எடுத்தார், ஏதோ நெருப்பை எடுக்கிற அவசரத்தோடு. எடுத்து அம்மா அப்பா பலகைக்கு முன்னால் வைத்தார். "திஸ் கேன். திஸ் கேனாட்" என்றார்.

வெளியாள் பூ வைக்கக்கூடாது போலிருக்கிறது. அப்படியானால் பெற்றோருக்கு மட்டும் எப்படி வைக்கலாம்? கல்யாணமாகாத பெண் என்பதாலா? செத்த பிறகுமா? எனக்கு வந்த கோபத்தில் நன்றி கூடச் சொல்லவில்லை. போனை எடுத்து அந்த வரிசையை ஒரு படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

தெருமுனையில் ஒரு காபிக்கடை. துணி வடிகட்டியில் இறக்கி, கெட்டிப்பால் ஊற்றிய காபி. நான் குடிக்கவில்லை. அங்கே மணி பதினொன்று, மில்பிடாஸில் முந்தின நாள் சாயங்காலம் ஏழு. ஆன்ட்டி சாப்பிட்டு முடித்துப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஊருக்குப் போய் நேர்ல சொல்லேன்" என்றார் கணவர்.

"ஒரு மாசம் அவங்க எப்படிங்க காத்திருப்பாங்க?"

"அதுவும் சரிதான்" என்று தன் காபியை என் பக்கம் நகர்த்தினார். என்னுடையது ஆறிப்போயிருந்தது.

படத்தை அனுப்ப மனம் வரவில்லை. 'பார்த்தேன் ஆன்ட்டி. அம்மா பக்கத்தில் இருக்கிறார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது' என்று மட்டும் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். எதிரே மரத்தடியில் கிழவர்கள் ஏதோ காய் நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாயிருந்தால் அவர்கள் தோளுக்குப் பின்னால் போய் நின்று விதிமுறை கேட்டிருப்பேன்.

அரை மணி கழித்து ஒரே ஒரு வரி வந்தது: 'படம் எடுத்தியா? அனுப்பு.'

அனுப்பினேன். அனுப்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வீடியோவில் அழைத்தார். திரையில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியவில்லை.

"சிவப்பு! சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கு! அதைப் பாத்துட்டா எனக்கு வருத்தம்னு எழுதின?"

"ஆமா ஆன்ட்டி. எங்க ஊர்ல செத்தவங்க படத்துக்கு..."

"எங்க வழக்கத்துல அது உயிரோட இருக்கறவங்களுக்கு! முன்கூட்டியே எடம் வாங்கி வெக்கறது. உயிரோட இருக்கற வரைக்கும் சிவப்பு ஒட்டணும். செத்தாத்தான் கிழிப்பாங்க. எங்கக்கா உயிரோட இருக்கா! நீ அவளை அரை மணி நேரம் சாகடிச்சிட்ட!"

உயிரோடிருக்கும் ஒரு அம்மாவுக்குப் பூ சாத்தி, ஊதுபத்தியும் கொளுத்தப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவர் என்னைப் படியில் உருட்டிவிடாமல் இருந்ததே பெரிய விஷயம். எங்கள் வீட்டு ஹாலில் அப்பா படத்தைப் பார்த்து ஆன்ட்டி ஏன் இரண்டு தடவை 'அப்படியா?' என்றார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சிவப்பு வைத்த மனிதரைப் போய்ச் செத்துவிட்டார் என்கிறாளே என்று குழம்பியிருக்கிறார். பன்னிரண்டு வருடம் அதைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பார்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டோம்.

கணவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. நெற்றி சுருங்க எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு வலப்பக்கம் ஒண்ணு இருக்கே" என்றார் மெல்ல. "அதுலயும் சிவப்பு இருக்கா? எனக்குக் கண் சரியாத் தெரியலை. பெருசாக்கி அனுப்பு."

படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், வலப்பக்கமும் ஒரு பலகை. அதன் நெற்றியிலும் அதே சிவப்புக் காகிதம், அதேபோலப் புதிது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பினேன்.

"யாருது ஆன்ட்டி?"

படத்தைப் பார்த்துவிட்டு, "அது என் பேரு" என்றார்.

மறுபடியும் மேட்டில் ஏறினோம். இந்த முறை கணவர் முன்னால் போனார். பெரியவர் எங்களைப் பார்த்ததும் பேப்பரைப் பாதுகாப்பாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஊதுபத்தி கொளுத்த வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன். அவரும் ஆன்ட்டியும் அவர்கள் மொழியில் பேச ஆரம்பித்தார்கள். முதலில் அவர் சந்தேகமாகக் கேட்டார். பிறகு சத்தமாகக் கேட்டார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டார்.

நடுநடுவே ஆன்ட்டி எனக்கு இங்கிலீஷில் சொன்னார். அக்கா ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வருகிறாராம். சிங்கப்பூரிலேயே தோ பாயோ பக்கம் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாராம். காது கொஞ்சம் மந்தம், வாய் மட்டும் அப்படியே இருக்கிறதாம். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு அப்பா வீட்டுச் சங்கத்தில் இடம் கிடையாது என்று கமிட்டியில் சொன்னபோது, மூன்று கூட்டத்தில் நின்று சண்டை போட்டுத் தங்கைக்கு அந்த இடத்தை வாங்கினாராம். அம்மா இறந்த அடுத்த வருடமே வாங்கியிருக்கிறார். போனில் ஒரே பொண்ணு என்று சொன்னவர்.

பெரியவர் நோட்டைப் புரட்டி, எண்ணை எங்களுக்குக் காட்டாமல், தன்னுடைய பழைய போனில் தானே அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. ஆன்ட்டியின் முகம் இப்போது திரையில் முழுதாகத் தெரிந்தது. தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். வெறும் குரல்தான் கேட்கப்போகிறது, அதற்குத் தலைவாரிக்கொண்டு.

அந்தப் பக்கம் ஒரு கிழட்டுக் குரல் எடுத்தது. பெரியவர் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, தன் போனையும் என் போனையும் மேஜைமேல் ஒன்றுக்கொன்று முகம் பார்க்க வைத்தார். டேபிள் ஃபேனை நிறுத்தினார்.

ஆன்ட்டி ஒரே ஒரு சொல் சொன்னார். 'அக்கா' என்றுதான் இருக்க வேண்டும்.

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் என் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். அப்புறம் கிழட்டுக் குரல் பேச ஆரம்பித்தது. நிறுத்தாமல், மூச்சு விடாமல், ஏற்ற இறக்கத்தோடு ஒரே திட்டு. திட்டுவதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. ஆன்ட்டி திரையில் அழுதுகொண்டே தலையைத் தலையை ஆட்டினார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொள்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை.

பெரியவர் பனியனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன சொல்கிறார்கள் என்று சைகையில் கேட்டேன். அவருடைய பத்து வார்த்தை அதற்குப் போதவில்லை. ஆன்ட்டிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்.

"வருஷா வருஷம் புத்தாண்டுக்கு என் காகிதத்தை மாத்த மூணு மாடி ஏர்றாளாம். எண்பத்திரண்டு வயசுல இனிமே முடியாதாம். அடுத்த வருஷம் என்னோடதை நானே வந்து மாத்திக்கணுமாம்."